எட்டு முழ வெண்ணெய்

கமருன்னிஸாவின் வலது கைக்கு அவள் புருஷன் கலந்தர் ராவுத்தர் போட்ட விலை எழுபத்தைந்து ரூபாய். ரொக்கமாகக் கொடுத்தால் எழுபது. கட்டிய மனைவியின் கையை விற்கிற மனிதரா என்று யாரும் பதறவேண்டாம். கை அவளிடம்தான் இருந்தது. அந்தக் கை செய்கிற வேலையைச் செய்ய அவர் ஒரு சாமான் பண்ணினார். விலை அந்தச் சாமானுக்கு. "என் பொண்டாட்டி வலது கைங்க இது, அப்படியே எடுத்து வச்சிருக்கேன்" என்று கூவி விற்கவேண்டும் என்று அவருக்கு மனசுக்குள் ஆசை. ஆனால் வாயைத் திறந்து அப்படிச் சொல்ல முடியாத ஒரு சங்கடத்தில் இருந்தார்.

திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் கலந்தருக்கு அலுமினியப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், வாளி, புனல் எல்லாம் கிடைக்கும். "கலந்தர் கடையில பேரம் கிடையாது" என்று ஊரில் பேச்சு. உண்மையில் பேரம் உண்டு. முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் அரை மணி நேரம் பேசுவார்; வாடிக்கைக்காரர் கடைசியில் அவர் சொன்ன விலையையே கொடுத்துவிட்டு, தான்தான் ஜெயித்தோம் என்ற நினைப்போடு அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவார். முழுக்க முழுக்க முகத்தை முதலாகப் போட்டு நடக்கிற வியாபாரம். அந்த முகத்தைப் பார்த்து ஊர் ஒருதரம் சிரித்துவிட்டால் போதும், வருகிறவனெல்லாம் பன்னிரண்டு ரூபாய் அண்டாவை ஆறு ரூபாய்க்குக் கேட்பான். கலந்தர் பயந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

தை பிறந்த வாரம் கமருன்னிஸா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, "ஒன்றரை மாசத்துக்கு இந்தக் கையால தண்ணிச் செம்புகூடத் தூக்கக்கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் சஃபியாவை நாகூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. பையன்கள் இரண்டு பேரும் பினாங்கில். சோறு கலந்தரின் தங்கை வீட்டிலிருந்து தூக்கில் வந்துவிடும். துணிக்குத்தான் வழியில்லை.

சலவைக்கார வேம்புவிடம் வெளுக்கப் போடலாமென்றால், அந்த வருஷம் தாலுகா முழுக்கத் தகராறு. தை அறுப்பில் பண்ணையாட்கள் கூடுதல் நெல் கேட்டு அரிவாளைக் கீழே வைத்தார்கள். வேம்புவின் குடும்பமும் அவர்கள் சங்கத்தில் சேர்ந்து, மெத்தை வீடு, ஓட்டு வீடு எந்த வீட்டுத் துணியையும் எடுப்பதில்லை என்று நிறுத்திவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களெல்லாம் மறியலுக்குப் போய்விட்டார்கள். தவிர, கமருன்னிஸா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "என் துணிய வெளியாள் தொட்டா நான் உடுத்த மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"அப்ப யாரு தொவைக்கிறது?"

"உங்களுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?"

மறுநாள் விடியற்காலைத் தொழுகை முடிந்து வந்ததும் கலந்தர் கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு துவைகல் முன்னால் நின்றார். அடி விழுந்தது.

துவைக்கிற சத்தத்தில் ஆண் பெண் தெரியும் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. கமருன்னிஸா மூன்று அடி அடிப்பாள், நிறுத்துவாள், புரட்டுவாள், மறுபடி மூன்று. தெருவே அதைக் கேட்டுப் பழகியிருந்தது. கலந்தர் அடித்ததோ களத்தில் நெற்கட்டு அடிப்பதுபோல, தலைக்கு மேல் தூக்கி, 'ஹும்' என்ற முக்கலோடு.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு ஜெக்கரியாவுடையது. கமருன்னிஸாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கலந்தர் கடைக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருப்பவர். ஊர்ச் செய்தியைக் காசு வாங்காமல் கொடுப்பார், பருப்பைத்தான் நிறுத்துக் கொடுப்பார்.

"என்ன மச்சான், வீட்டுக்குள்ளயே களம் போட்டுட்டீங்களா?" என்று கடை திறக்கும்போதே கேட்டார். "காலைல கட்டடிக்கிற சத்தம் கேட்டுச்சே. ஊர்ல ஆள் கிடைக்காம மிராசுதாரெல்லாம் தவிக்கிறாங்க, நீங்க கூலிக்குப் போகலாம்."

"தேங்கா மட்டை தட்டினேன். கயிறு திரிக்க."

"கயிறா? எதுக்கு?"

"உன் வாயக் கட்ட."

அன்று ராத்திரியே கலந்தர் முடிவு செய்தார். துவைக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை; ஆனால் சத்தம் வரக்கூடாது. உலகத்தில் மற்றவர்கள் துணி சீக்கிரம் வெளுக்க, சவுக்காரம் மிச்சமாக, முதுகு வலிக்காமல் இருக்க என்று கருவி செய்வார்கள். கலந்தர் ராவுத்தர் செய்தது ஜெக்கரியாவின் காதுக்கு எதிராக.

முதலில் கடையிலிருந்து பெரிய புனல் ஒன்றைக் கொண்டுவந்து, விளக்குமாற்றுக் கம்பின் நுனியில் கவிழ்த்து ஆணி அடித்தார். வாளியில் துணியைப் போட்டு மேலிருந்து அமுக்கி எடுத்தால் அழுக்கு நன்றாகவே வந்தது. கூடவே சேற்றில் புதைந்த எருமை காலைப் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தமும் வந்தது. கமருன்னிஸா பலகையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எத்தனை படி கறக்குங்க?" என்றாள்.

அடுத்து ஒரு பழைய சைக்கிளின் பெடலையும் பின்சக்கரப் பல்லையும் வாங்கி, அண்டாவுக்குள் நாலு பலகை சுழலும்படி பூட்டினார். சுற்றும்போது சத்தமில்லை. கையை நிறுத்தினால் 'டிக் டிக் டிக்' என்று பல்சக்கரம் தானாக ஓடி அடங்கியது. இரண்டு நாளில் ஜெக்கரியாவின் மனைவி ரசியா பேகம் சுவர் வழியாகக் கமருன்னிஸாவைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதே மதினி. ஒங்க வீட்டுக்காரங்க பள்ளிவாசலுக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்து யாரோ சைக்கிள்ல ஒங்க கொல்லைப் பக்கம் வந்து வந்து போறாங்களாமே, யாரு அது?" என்று கேட்டாள்.

கலந்தர் வீட்டுக்குள் நுழைவதற்குள் கமருன்னிஸா வாசலுக்கே வந்துவிட்டாள். "ஒங்க மானத்தக் காப்பாத்தறேன்னு என் மானத்த ஏலம் போடறீங்க. அந்தப் பல்சக்கரத்தக் கழட்டிக் குப்பைல போடுங்க. சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதானே? தயிர் கடையறப்ப சத்தம் வருதா?"

கலந்தர் நின்ற இடத்திலேயே நின்றார். மத்து! கயிற்றை இந்தப் பக்கம் இழுத்தால் இப்படிச் சுற்றும், அந்தப் பக்கம் இழுத்தால் அப்படிச் சுற்றும். துணி ஒரே பக்கமாக முறுக்கிக்கொள்ளவும் செய்யாது.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

நடராசன் ஆசாரியிடம் போய், மார்பு உயரத்துக்கு ஒரு மத்து வேண்டும், நாலு இதழ் வைத்து, என்றார். ஆசாரி மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்ளோ பெரிய மத்தா? தாலுகா பூரா உள்ள தயிர ஒரே நாள்ல கடையப் போறீங்களா பாய்?"

"பினாங்குலேர்ந்து ஆர்டர். வெண்ணெய் மிஷின்."

மத்து வந்தது. அண்டாவின் மூடியில் ஓட்டை போட்டு நிறுத்தி, கயிற்றைச் சுற்றி இழுத்தார் கலந்தர். சளசளவென்று உள்ளே தண்ணீர் பேசிக்கொண்டதே தவிர வெளியே மூச்சில்லை. ஆனால் இதழின் விளிம்பு சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தின்றது. அதற்கு கமருன்னிஸா சொன்னபடி சைக்கிள் டியூபை வெட்டி விளிம்பில் சுற்றினார். பிழிவதற்கு இரண்டு உருளை வேண்டியிருந்தது. ஆசாரியிடம் விற்காமல் கிடந்த தொட்டில் கால்களையே வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துக் கைப்பிடி போட்டார். தொட்டில் கால்களில் அழகுக்காக மூன்று மூன்று வளையம் கடைந்திருக்கும். அதில் நுழைந்து வந்த துணியிலெல்லாம் திருநீற்றுப் பட்டை போட்டதுபோல் மூன்று மடிப்பு விழுந்தது. அந்த மடிப்போடுதான் கலந்தர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனார். வளையத்தைச் சீவிவிடச் சொன்னபோது நடராசன் ஆசாரி ரோஷப்பட்டார்.

"வளையமில்லாமக் கடைஞ்சா அது ஒலக்கை பாய். நான் ஒலக்கை கடையறதில்ல."

உருளை கிறீச்சென்று கத்தியதற்கு முதலில் வண்டி மையைத் தடவினார். ஜிப்பா முதுகில் கறுப்புக் கோடு விழுந்தது. "மேல வண்டி ஏறிருச்சா மச்சான்?" என்று கேட்க ஜெக்கரியாவுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பிறகுதான் அச்சில் சவுக்காரக் கட்டியையே தேய்க்கலாம் என்று தோன்றியது. கறையுமில்லை, கத்தலுமில்லை.

இப்படி மாசி முடிந்தது. ஒருநாள் மத்தியானம் எதையோ எடுக்கக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்த கலந்தர், அடுப்படியில் கமருன்னிஸா நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பதைப் பார்த்தார். வலது கையால். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். குடத்தை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, கட்டை மறுபடி சரிசெய்து, "ஸ்…" என்றாள்.

"வலிக்குதா?" என்றார் கலந்தர்.

"லேசா."

கலந்தர் கடைக்குத் திரும்பினார். கை சரியாகிவிட்டது என்று சொன்னால் அவள் மறுபடி துவைகல்லுக்குப் போவாள். மத்து மூலைக்குப் போகும். சரக்கோ இன்னும் முழுசாகத் தேறவில்லை. கயிறு இழுக்கும் வாகு கொஞ்சம் திருந்தவேண்டும், மூடியில் தண்ணீர் தெறிக்கிறது. அரைகுறைச் சரக்கை எந்த வியாபாரி கைவிடுவான்? தவிர, வெளியே சொல்வதற்கில்லை, விடிந்தும் விடியாமல் அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டு அவள் கிண்டலைக் கேட்பது ஒருமாதிரி பிடித்தும் போயிருந்தது. ஆகவே கமருன்னிஸாவின் கை சரியாகாமலேயே இருந்தது. இரண்டு பேருக்கும் அதில் சம்மதம்.

பங்குனியில் ஒரு மத்தியானம், வெயிலுக்குத் தெரு காலியாக இருந்த நேரம், வில்வண்டி ஒன்று கடை முன் நின்றது. இறங்கியவர் பக்கத்துக் கிராமத்து மிராசுதார் அமிர்தலிங்கம். பதினைந்து ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்ததும், நிலத்தைத் துண்டு துண்டாக்கி மச்சினன், மாப்பிள்ளை, பிறக்கப்போகிற பேரன் வரைக்கும் எழுதிவைத்த சாமர்த்தியசாலி. இப்போது வேம்பு துணி எடுப்பதை நிறுத்திவிட்டபின், அழுக்கு வேட்டியை மட்டும் யார் பெயரில் எழுதுவதென்று தெரியாமல் வந்திருந்தார். வேட்டி பழுத்த வெற்றிலை நிறத்தில் இருந்தது.

"ராவுத்தரே, வெண்ணெய் மிஷின் ஒண்ணு பண்றீங்களாமே?"

"நடராசன் ஆசாரி சொன்னாரா?"

"ஆசாரி சொன்னார்னு நான் சொல்லலியே. சத்தமில்லாமக் கடையுமாமே?"

"மேல பூனை படுத்திருந்தாலும் முழிக்காதுங்க."

அமிர்தலிங்கம் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "எவ்வளவு வெண்ணெய் தாங்கும்?"

கலந்தரின் கண் ஒருதரம் அந்த வேட்டிக்குப் போய் வந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"எட்டு முழ வெண்ணெய்னா நாலு தாங்கும். பத்து முழம்னா மூணு. துண்டு வெண்ணெய் இடுக்குல எத்தனை வேணாலும் போட்டுக்கலாம்."

"கரை போட்ட வெண்ணெய்?"

"கரை சாயம் போகும்னா தனியாக் கடைங்க ஐயா. சேத்துப் போட்டா எல்லா வெண்ணெயும் ஒரே கட்சியாயிரும்."

"நீலம்?"

"கடைசித் தண்ணில. அழுக்கு மோரெல்லாம் ஊத்தினப்பறம்."

அமிர்தலிங்கம் நிம்மதியாக மூச்சு விட்டார். விலை பேச்சு துண்டுக்கு அடியில் நடந்தது, மாட்டுத் தரகர்கள்போல விரலைத் தொட்டுத் தொட்டு. எதிர்க்கடையிலிருந்து ஜெக்கரியாவின் கழுத்து நீண்டுகொண்டே வந்ததுதான் காரணம். எழுபதில் முடிந்தது.

"அம்மாவுக்குக் கடையற வாகு வந்து சொல்லித்தரணுங்களா?" என்றார் கலந்தர், சாக்கைப் போட்டு அண்டாவை மூடிக்கொண்டே.

"ஞானாம்பா கடைய மாட்டா" என்றார் மிராசுதார், வண்டி மாட்டைப் பார்த்தபடி. "'வெண்ணெய் கடையறதுக்கு என்னை இந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கல'ன்னுட்டா."

"அப்ப…"

"வண்டில ஏத்துங்க ராவுத்தரே."

சித்திரையில் வீரையன் வந்தார். பண்ணையாட்கள் சங்கத்தின் தலைவர். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். அன்றைக்கு அந்தக் குரல் கடைக் கல்லாவைத் தாண்டவில்லை.

"பாய், அந்த வெண்ணெய் மிஷின்…"

"ஒங்க வீட்ல மாடு இருக்கா வீரையன்?"

"இல்ல."

"ஆடு?"

"ரெண்டு வெடைக்கோழி இருக்கு."

"கோழில வெண்ணெய் எடுத்து நான் பாத்ததில்லியே."

வீரையன் தலையைச் சொறிந்தார். "வீட்டுக்காரி சாவித்திரி மறியல்ல உள்ள போயிட்டா பாய். இந்தத் தடவை பெண்கள் முன்னால நிக்கணும்னு கமிட்டில முடிவு. தீர்மானம் கொண்டாந்ததே நான்தான். இப்ப மூணு பிள்ளைங்க துணி மலையாட்டம் கெடக்கு."

"ஆத்துல தொவைக்கலாமே? பெண் விடுதலை பத்தி நீங்க பேசினத நானே கேட்டிருக்கேன். கைகூடத் தட்டினேன்."

"மேடைல பேசலாம் பாய். படித்துறைல ஒரு மாதிரியா இருக்கு."

அண்டா இல்லாமல் மத்தும் உருளையும் மட்டும் இருபத்தெட்டு ரூபாய் என்று தீர்ந்தது. முன்பணம் அந்த இரண்டு வெடைக்கோழி. மீதி சாவித்திரி விடுதலையாகி வந்த பிறகு. "அவ வந்தப்பறம் எதுக்கு மீதி? அவதான் தொவைப்பாளே" என்று கேட்ட வீரையனிடம், "ஜெயில்லேர்ந்து வர்ற பொம்பளை முன்ன மாதிரி இருப்பாங்கன்னு என்ன நிச்சயம்? எதுக்கும் மத்தப் பத்திரமா வச்சுக்கங்க" என்றார் கலந்தர்.

ஆனி பிறந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் முள்ளியாற்றுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நாற்றங்கால் உழ ஆளில்லை, ஆளுக்கு வேலையில்லை. இரண்டு தரப்பையும் தாசில்தார் தம் ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். காலையெல்லாம் கத்திவிட்டு, பதினோரு மணிக்கு எல்லாரும் டீ குடிக்கக் கடைத்தெருவுக்கு வந்தார்கள். டீக்கடை பெஞ்சில் இந்த ஓரம் அமிர்தலிங்கமும் இரண்டு மிராசுதார்களும். அந்த ஓரம் வீரையனும் தோழர்களும். நடுவில் பெஞ்சு காலி.

எதிரே கலந்தர் கடை வாசலில் புது மிஷின் ஒன்று பளபளவென்று நின்றது. இரண்டு விற்றதில் வந்த துணிச்சல். ஜெக்கரியா தெருவைக் கடந்து வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கலந்தர் வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு சவுக்காரக் கட்டி போய்க்கொண்டிருந்தது, தையிலிருந்து ஒன்றரையாகி இருந்தது. பழகாத கைதான் சவுக்காரத்தை அப்படிக் கரைக்கும் என்பது மளிகைக்கடைக்காரருக்குத் தெரியாதா? கூட்டம் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்தார்.

"இது எதுக்கு மச்சான்?"

"வெண்ணெய்க்கு."

"எனக்கென்னமோ துணி தொவைக்கிற சாமான் மாதிரித் தெரியுது."

"தொவைக்கவும் தொவைக்கலாம்."

"அழுக்குப் போகுமா?"

"போகும்."

"யாரு பாத்தா?" ஜெக்கரியா டீக்கடைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "ஏங்க, யாராச்சும் பாத்திருக்கீங்களா? ஊர்ல ஒருத்தரும் தொவைச்சுப் பாக்காத சரக்கு. எழுபத்தஞ்சு ரூபாயாம்!"

அமிர்தலிங்கம் டீயை ஊதினார். வீரையன் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடினார். கலந்தர் இருவரையும் பார்க்கவில்லை. வாடிக்கைக்காரர் சாக்குப் போட்டு மூடி எடுத்துப்போன சரக்கைப் பற்றிக் கடைக்காரன் பேசக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"சட்டை கிழியும்" என்றார் ஜெக்கரியா, மத்தைத் தட்டிப் பார்த்து. "சேலை முறுக்கிக்கும். இந்த ஒருளை தொட்டில் காலு. காயலாங்கடைல போட்டா அலுமினியத்துக்குப் பன்னெண்டு ரூபா தேறும். அதுவும் நான் கூட வந்து பேசினா."

கலந்தரைத் திட்டலாம், அவர் வாப்பாவைத் திட்டலாம், அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலை கொடுப்பார். சரக்கைக் குறைத்து விலை கேட்டால் மட்டும் அவருக்குக் கண் தெரியாது, காது கேட்காது.

"பன்னெண்டு ரூபாயா? என் சரக்கு பன்னெண்டு ரூபாயா? யாரு பாத்தான்னா கேட்ட? நான் பாத்தேன்! தை மாசத்துலேர்ந்து என் வீட்டுத் துணி பூராவும் நான்தான்யா இதுல தொவைக்கிறேன்! என் சட்டை, என் கைலி, போர்வை, என் பொண்டாட்டி சேலை, உள்பாவாடை வரைக்கும், இதோ, இந்தக் கையால! ஒரு நூல் பிரிஞ்சிருந்தா, ஒரு பொட்டு அழுக்கு நின்னிருந்தா என் கடைய ஒன் பேருக்கு எழுதித் தரேன்!"

 தாம் என்ன விற்றுவிட்டோம் என்பது கலந்தருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு சிரிப்பு. டீ மாஸ்டர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உள்பாவாடையா!" என்று யாரோ கத்த, மறுபடி ஓர் அலை அடித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் அமிர்தலிங்கம். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவருக்குச் சளைக்காமல் அந்த ஓரத்திலிருந்து வீரையன் சிரித்தார். காலையிலிருந்து இரண்டு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

சிரித்த வேகத்தில் அமிர்தலிங்கம் குனிய, அவருடைய மேல்துண்டு முன்னால் சரிந்தது. அதில் குறுக்காக மூன்று மடிப்பு, திருநீற்றுப் பட்டைபோல. வீரையனின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் பார்வை போன இடத்தை அமிர்தலிங்கம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வீரையனின் சட்டையைப் பார்த்தார். மார்பில் குறுக்காக அதே மூன்று மடிப்பு. இரண்டு பேரும் கலந்தரைப் பார்த்தார்கள். கலந்தர் வானத்தைப் பார்த்தார்.

"உக்காரலாமா?" என்றார் அமிர்தலிங்கம், துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. "தாசில்தார் காத்திருப்பாரு."

"வாங்க" என்றார் வீரையன், கையை மார்பில் கட்டிக்கொண்டு. அன்றைக்குக் கூலி தீரவில்லை. அதற்கு இன்னும் பல நாள் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் மத்தியானத்துக்கு மேல் ஆபீசுக்கு வெளியே கத்தல் கேட்கவில்லை என்று பியூன் வந்து சொன்னான்.

கலந்தருக்கு அந்த ஆறுதலும் இல்லை. மூன்று மணிக்கு ஒருவன் வந்து பன்னிரண்டு ரூபாய் அண்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆறு ரூபாய்க்குத் தரீங்களா பாய்?" என்றான். கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டான். கலந்தர் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கமருன்னிஸா கொல்லைப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். கையில் கட்டு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ரசியா பேகம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு கமரு" என்று கலந்தர் துவைகல்லின் மேலேயே உட்கார்ந்தார். "இனிமே நான் சொன்ன வெலை நிக்காது. மூஞ்சியப் பாத்தாலே சிரிக்கிறான்."

"எத்தனை நாள் சிரிப்பான்? அண்டா வேணும்னா வந்துதானே ஆவணும்?" அவள் குரலில் பதற்றமே இல்லை. "ஊரு சிரிக்கும், ஊரு சிரிக்கும்னுதானே கதவத் தாழ்போட்டுக்கிட்டுத் தொவைச்சீங்க? இன்னிக்கு ஊரு சிரிச்சு முடிச்சிருச்சு. இனிமே தாழ்ப்பாள் எதுக்கு? வெளிச்சத்துலயே தொவைக்கலாம்."

"ஒன் கைதான் சரியாயிருச்சே?" இத்தனை மாதத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது இப்போதுதான்.

"மாசிலயே ஆயிருச்சு. அது ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அத ஒளிக்கிறேன்னு நீங்க நெனைச்சீங்க. நீங்க சொல்லட்டும்னு நான் இருந்தேன். சரி, வெவகாரத்துக்கு வருவோம். நீங்க வியாபாரி. ஒருத்தர் ஒருத்தருக்கு இவ்ளோ நாளா தொவைச்சுப் போட்டா அது இனாமா, கடனா?"

கலந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைத்தெருவில் தொலைந்துபோன முகம் மெல்லத் திரும்பி வந்தது. "எவ்ளோ நாளு?"

"நிக்காஹ் ஆகி இருபத்தி மூணு வருஷம்."

"அதுல மூணு பிரசவத்துக்கு ஒங்க உம்மா வீட்டுக்குப் போனே. தடவைக்கு நாலு மாசம். ஒரு வருஷத்தக் கழி."

"கழிச்சுக்கங்க. திரும்பி வந்து மூணு பிள்ளைங்க பீத்துணி அலசினத நான் கூட்டல, பாத்துக்கங்க."

"நான் பினாங்குல இருந்த மூணு வருஷம்? என் துணி இங்க இல்லவே இல்ல."

"ஒங்க உம்மா துணி இருந்துச்சு. ஒங்க தங்கச்சி துணி இருந்துச்சு."

"பாதி."

கமருன்னிஸா ஒரு விரலை மடக்கினாள். "ஒன்றரை வருஷம். இதுக்கு மேல கொறைக்க மாட்டேன்."

"நான் தொவைச்ச அஞ்சு மாசம்?"

"மொத ஒன்றரை மாசம் கை நெசமாவே ஒடைஞ்சிருந்துச்சு. பொண்டாட்டி கை ஒடைஞ்சு கெடக்கறப்ப தொவைக்கிறது கடமை, அது வரவுல சேராது. மீதி மூணரை மாசம் வச்சுக்கங்க."

கலந்தர் இன்னொரு பிடி கிடைக்குமா என்று தேடினார், கிடைக்கவில்லை. இருபது வருஷமாக இப்படி ஒரு பேரக்காரியைக் கடையில் உட்காரவைக்காமல் கிணற்றடியில் விட்டிருந்தோமே என்று தோன்றியது. தொண்டையைச் செருமினார்.

"வட்டி?"

"அஸ்தஃபிருல்லா! வட்டி நமக்கு ஹராம். அசல் மட்டும் போதும்" என்று கமருன்னிஸா எழுந்து, மூலையில் கிடந்த அழுக்குத் துணி மூட்டையை வலது கையாலேயே தூக்கிக் கொண்டுவந்து அண்டா பக்கத்தில் வைத்தாள்.

ஆக, மொத்தம் இருபத்து மூன்று வருஷம். பிரசவத்துக்குக் கழிவு ஒரு வருஷம். பினாங்குக்கு ஒன்றரை வருஷம். கைவேலையாக வரவு மூன்றரை மாசம். இவை போக, கலந்தர் ராவுத்தர் பேரில் நிற்கும் பாக்கி இருபது வருஷம் இரண்டரை மாசம்.